கேஸ்கேட் மலைத்தொடர்: எந்தச் சிகரம் எரிமலை, எது இல்லை?

வரைபடப்பித்தன்:
அமெரிக்காவின் வடமேற்கில் இருக்கும் கேஸ்கேட் தொடரை எரிமலைத் தொடர் என்றே படித்திருக்கிறோம். ரெய்னியர் (4,392 மீ), பேக்கர் (3,286 மீ) சரி. ஆனால் பேக்கருக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஷுக்சான் (2,783 மீ) எரிமலை இல்லையாம். ஸ்டூவர்ட் சிகரமும் (2,870 மீ) இல்லையாம். ஒரே தொடரில் இது எப்படி? வரைபடத்தையோ பாறையையோ பார்த்துப் பிரித்தறிய முடியுமா?

பாறைமணி:
தொடருக்கு ஒரு வயது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் எரிமலைகளுக்கு வேறு வயது. குழப்பம் அங்கேதான். ஸ்டூவர்ட் 9 கோடி ஆண்டுக்கு முன் ஆழத்தில் மெல்ல ஆறி இறுகிய கிரானைட் வகைப் பாறை. ஷுக்சான் பழைய கடலடி பசால்ட், அதாவது கடலடியில் லாவா இறுகி உண்டான கருநிறப் பாறை. ஆழத்தில் அழுந்தி, உருமாறி, பச்சை நிறமாகி மேலே வந்தது. பேக்கரின் இன்றைய கூம்பில் பெரும்பகுதி கடந்த சில பத்தாயிரம் ஆண்டுகளில்தான் எழுந்தது.

ரெய்னியரும் அப்படித்தான். அதன் கூம்புக்கு ஏறக்குறைய 5 லட்சம் வயது. அடியில் இருக்கும் டட்டூஷ் என்ற கிரானைட் வகைப் பாறை கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. ஆகவே 4,392 மீட்டரும் லாவா என்று கணக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே உயர்ந்து நின்ற மலைமேல்தான் லாவா வழிந்தது.

மாக்மா (நிலத்தடியில் உருகிய பாறை) வரும் விதத்தையும் பலர் தப்பாகச் சொல்கிறார்கள். பசிபிக் கடலடியில் இருக்கும் ஹுவான் டி ஃபூக்கா என்ற புவித்தட்டு ஆண்டுக்கு 3–4 செ.மீ. வேகத்தில் வட அமெரிக்கத் தட்டின் கீழே நுழைகிறது. உருகுவது பெரும்பாலும் அந்தத் தட்டு இல்லை. அது 80–100 கி.மீ. ஆழம் போகும்போது தாதுக்களில் அடைபட்ட நீர் வெளியேறி மேலே இருக்கும் மேன்டில் (புவியோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) பாறையில் ஏறுகிறது. நீர் கலந்தால் பாறையின் உருகுநிலை இறங்கும். உருகுவது அந்த மேன்டில்தான். இந்தத் தட்டு இளசு, சூடானது. நீரில் கணிசமான பங்கை முன்கூட்டியே இழந்துவிடுகிறது. பசிபிக்கின் மற்ற எரிமலை வளைவுகளைவிட கேஸ்கேட் சோம்பலாக இருப்பதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

சமஉயரக்கோடு:
வரைபடத்துக்கு நான் சொல்கிறேன். முதலில் ஆறுகளைப் பாருங்கள். ரெய்னியரிலிருந்து நிஸ்குவாலி, பியூயாலப், கார்பன், ஒயிட், கௌலிட்ஸ் எல்லாம் குடைக்கம்பி மாதிரி நாலா பக்கமும் பிரியும். சமஉயரக் கோடுகள் ஏறத்தாழ வட்டமாக இருக்கும். ஸ்டூவர்டில் கோடுகள் நீண்ட முகடாக இழுபடும்.

பாறைக்கு 10 மடங்கு கைலென்ஸ் போதும். உடைத்த புதிய முகத்தில் பாருங்கள், வெளித்தோல் ஏமாற்றும். சாம்பல் நிறப் பொடிமண் போன்ற பின்னணியில் வெள்ளைப் படிகங்கள் சிதறிக் கிடந்தால் ஆண்டிசைட் அல்லது டேசைட், அதாவது எரிமலைப் பாறை. எல்லாப் படிகமும் கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தால் கிரானைட் வகை. பச்சையாக, ஏடு ஏடாகப் பிரிந்தால் ஷுக்சான் பாறை. ஆற்றுக் கல்லையோ பனியாறு கொண்டுவந்து போட்ட கல்லையோ வைத்து முடிவு செய்தால் தப்பாகும். இடம்பெயராமல் மலையோடு ஒட்டி நிற்கும் தாய்ப்பாறையில் பார்க்க வேண்டும். ரெய்னியரும் ஷுக்சானும் தேசியப் பூங்கா எல்லைக்குள் இருப்பவை. அங்கே கல்லை உடைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. தானாக உடைந்து கிடக்கும் முகத்தைத் தேடுங்கள்.

வரைபடப்பித்தன்:
நன்றி. கூம்பு வடிவம் இருந்தால் எரிமலை என்று வைத்துக்கொள்ளலாமா? எவ்வளவு கூம்பாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்தா?

பாறைமணி:
இரண்டுமே கைகொடுக்காது. இதே தொடரில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980-க்கு முன் அழகான கூம்பு, 2,950 மீ. அந்த வசந்தத்தில் உள்ளே ஏறிய மாக்மா வடசரிவை நாளுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் வீதம் வெளியே தள்ளியது. மே 18 காலை 8:32-க்கு 5.1 அளவு நிலநடுக்கம். சரிவு பெயர்ந்து விழ, அழுத்தம் விடுபட்டு பக்கவாட்டில் வெடித்தது. இப்போது 2,549 மீ., வடக்கே வாய் பிளந்த லாடம். இதே தொடரின் இன்னொரு எரிமலையான மசாமா மலைக்குச் சிகரமே இல்லை. 7,700 ஆண்டுக்கு முன் வெடித்து, உள்ளே இருந்த மாக்மா காலியாகி, இடிந்து, 594 மீ. ஆழமுள்ள கிரேட்டர் ஏரியானது.

ஆபத்து என்றால் நான் ரெய்னியரைத்தான் முதலில் சொல்வேன், அதுவும் வெடிப்புக்காக அல்ல. அமில வெந்நீராவி அதன் பாறையை உள்ளுக்குள் களிமண்ணாக்கியிருக்கிறது, குறிப்பாக மேற்குச் சரிவில். மேலே கனத்த பனியாறுகள். 5,600 ஆண்டுக்கு முன் இறங்கிய ஒசியோலா சேற்றுப்பாய்வு பியூஜெட் சவுண்ட் கடல்வரை போனது. சுமார் 500 ஆண்டுக்கு முன் இறங்கிய எலெக்ட்ரான் பாய்வோடு வெடிப்பு நடந்ததற்குத் தடயம் இல்லை, சும்மாவே சரிந்திருக்கலாம். ஆர்ட்டிங் ஊர் அந்தச் சேற்றின்மேல்தான் இருக்கிறது. மறுபடி வந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும். அதனால்தான் பள்ளத்தாக்கில் உணர்கருவிகளும் சைரன்களும் வைத்திருக்கிறார்கள். சைரன் கேட்டால் ஆற்றோடு காரில் ஓடக் கூடாது. பக்கவாட்டு மேட்டில் ஏற வேண்டும்.

சமஉயரக்கோடு:
கூம்பு விஷயத்தில் இன்னொன்று. ஒரிகனில் தீல்சன் (2,799 மீ) ஊசிபோல் நிற்கும், எரிமலை என்றே தோன்றாது. உண்மையில் அது கேடய எரிமலையின்மேல் (கேடயம்போல் அகன்று தாழ்ந்த எரிமலை) எழுந்த கூம்பு. ஏறத்தாழ 3 லட்சம் வயது. வெடிப்பு நின்றபின் பனியாறுகள் தளர்வான சாம்பலையும் துகள்களையும் செதுக்கித் தள்ள, மாக்மா ஏறிய குழாயில் இறுகிய கடினப் பாறை மிஞ்சியது. மின்னல் அடிக்கடி விழுவதால் உச்சிப் பாறையில் உருகிய கண்ணாடிப் பூச்சைக் காணலாம். ஏறுகிறவர்கள் பிற்பகல் இடி தொடங்கும்முன் இறங்கிவிட வேண்டும்; கடைசி 25 மீட்டர் கிட்டத்தட்ட செங்குத்து, அங்கே அவசரமாக இறங்க முடியாது.