ராக்கம் வரைந்த ஈசாப் புத்தகம்: ஒரு பக்கம் காணோம், உதவுங்களேன்

வணக்கம். ஏற்காட்டுல எஸ்டேட் கிளார்க்கா இருந்த எங்க தாத்தாவோட டிரங்குப் பெட்டியைப் போன ஞாயிறு அஸ்தம்பட்டி வீட்டுக்கு இறக்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவும் அது பின்சீட்ல உருண்டுக்கிட்டே வந்துச்சு. காப்பிக் கணக்கு நோட்டுகளுக்கு அடியில ஈசாப் கதைகள், இங்கிலீஷ்ல. அட்டையும் தலைப்புப் பக்கமும் இல்ல. ஆனா ஜி.கே. செஸ்டர்டன் முன்னுரை இருக்கு, ஆர்தர் ராக்கம் படங்கள் இருக்கு. 1912-ல லண்டன் ஹைனமன் பதிப்பகம் முதல்ல போட்ட புத்தகம் இது. என் கையில இருக்கறது அந்த அச்சா, பிற்பாடு வந்ததா? தலைப்புப் பக்கம் இல்லாம எப்படிக் கண்டுபிடிக்கறது?

கலர் படம் 13 இருக்கணும், எண்ணினா 12 தான். முயலும் ஆமையும் படம் இருந்த இடத்துல கிழிஞ்ச தாளோட ஓரம் விரல் அகலத்துக்கு நிக்குது. அம்மாவைக் கேட்டா சிரிக்கறாங்க. சின்ன வயசுல சுவத்துல ஒட்டினது அவங்கதானாம்! யார்கிட்டயாவது இந்தப் பதிப்பு இருந்தா அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்புவீங்களா?

இன்னொண்ணு. மலை ஈரத்துல பூஞ்சை, போதாததுக்கு ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருக்கு. ஓரத்தை வெட்டாம, பழைய தையல் நூலை அப்படியே விட்டுத் தைக்கற பைண்டர் சேலத்துல யாராவது? செவ்வாய்ப்பேட்டையில ஒருத்தர் பார்த்த உடனே கட்டிங் மெஷின் பக்கம் திரும்பினார், பிடுங்கிட்டு வந்துட்டேன்.

விற்கறதா இல்லைங்க, விலை கேட்க வேண்டாம்.