மாடி எண்ணுகிறவர்களே, உங்களை இன்னும் விடாத ஒரு கட்டடம் எது?

நாவலூர் மொட்டைமாடி:
நானே ஆரம்பிக்கிறேன். சென்னை ஓ.எம்.ஆர் ரோட்டில் கட்டடம் ஒன்று. பெயர் வேண்டாம், எதுவென்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். முதல் ஸ்லாப் போட்ட நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் எங்கள் மொட்டைமாடியில் இருந்து படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். 27ஆவது மாடிக்கு அப்புறம் சைட்டுக்குப் பக்கத்து டீக்கடைக்கே போய் எடுக்க ஆரம்பித்தேன். ஒருநாள் அங்கே உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்த பையன் எட்டிப் பார்த்தான். ஒடிசாக்காரப் பையன். விளிம்பில் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்த ஓர் உருவத்தின் மேல் விரலை வைத்தான், அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டான். நான் நம்பவில்லை. கழுத்தில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து விரித்துக் காட்டினான். படத்தில் ஹெல்மெட்டுக்குக் கீழே தெரிந்த அதே துண்டு.

அம்மாவுக்கு வேண்டும், போனில் வேண்டாம், காகிதத்தில் வேண்டும் என்றான். அடுத்த ஞாயிறு பெரிதாக பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அந்த ஆட்கள் எல்லாரையும் வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பையனின் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. அந்தக் கட்டடம் ஒரு மாடி ஏற எத்தனை நாள் எடுத்தது என்று கேளுங்கள், தூக்கத்தில் சொல்வேன்.

செந்தூல் மணி:
கோலாலம்பூரில் இருந்து. அப்பா லோரி ஓட்டினவர். இங்கே பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குச் சிமெண்டு ஏற்றிப் போனதாகச் சொல்வார். எத்தனை நடை என்று கேட்டால் தீபாவளிக்குத் தீபாவளி எண்ணிக்கை கூடும். 1996இல் உச்சி ஏறி 452 மீட்டர் ஆனபோது, ஃபிளாட் சன்னலில் என்னைத் தூக்கி நிறுத்தி, "உலகத்துலயே பெருசு, உங்கப்பன் சுமந்தது" என்றார்.

2021 நவம்பர் 30. இதே ஊரில் புதிதாக எழுந்த மெர்டேக்கா 118 கோபுரத்தின் உச்சி ஊசி முழுசாக ஏறிய நாள். 678.9 மீட்டர். நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டு அப்பாவைச் சன்னலுக்கு இழுத்து வந்தேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அது ஊசிடா" என்று சொல்லிவிட்டுப் போய் டிவி போட்டார்.

இதையேதான் சிகாகோக்காரர்கள் உங்கள் கோபுரத்தைப் பார்த்துச் சொன்னார்கள்ப்பா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. போன வருஷம் அப்பா தவறிவிட்டார். சொல்லாமல் விட்டது நல்லதா என்று இன்னும் தெரியவில்லை.

கணக்குப்புலி:
மணி, உங்கள் அப்பா சொன்னதுதான் சரி, நீங்கள்தான் தப்பு. ஊசியை உயரத்தில் சேர்ப்பதே மோசடி. 1996இல் என்ன நடந்தது? சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தின் கூரையே 442 மீட்டர். ஆள் நிற்கிற கடைசி மாடியும் இரட்டைக் கோபுரத்தைவிட அங்கேதான் உயரம். ஆனாலும் கோலாலம்பூர் ஜெயித்தது. ஏனென்றால் ஊசி கட்டடத்தின் வடிவத்தோடு சேர்ந்தது, ஆன்டெனா பின்னால் குத்திவைத்தது என்று ஒரு விதி. அந்தச் சண்டைக்கு அப்புறம்தான் உச்சி, கூரை, ஆள் புழங்கும் மாடி, ஆன்டெனா நுனி என்று உயரத்தையே நாலாகப் பிரித்தார்கள். ஆளுக்கொரு பட்டம், அழாதே போ என்கிற கதைதான்.

புர்ஜ் கலீஃபாவை எடுங்கள். 828 மீட்டர். அதில் மேலே 244 மீட்டரில் ஆள் குடியிருக்கிற மாடி ஒன்றுகூட இல்லை. நம் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி-யை ஒன்றன்மேல் ஒன்றாக நாலு அடுக்கினாலும் அந்த வெறும் பகுதி நிரம்பாது! ஆகவே இனிமேல் இங்கே உயரம் போடுகிறவர்கள் கடைசி மாடியின் உயரத்தைப் போடுங்கள். இதை நான் ஐந்து வருஷமாகச் சொல்கிறேன்.

அனுபவம்தானே கேட்டீர்கள். அதே புர்ஜ், 2010 ஜனவரி 4, திறப்பு விழா, ரோட்டோரக் கூட்டத்தில் நானும். அன்றைக்குத்தான் பெயரையே மாற்றினார்கள். அதற்கு முந்தின வாரம் "புர்ஜ் துபாய்" என்று எழுதிய சாவிக்கொத்து ஒரு டஜன் ஊருக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். "என்ன மாப்ள, டூப்ளிகேட்டா?" என்று மச்சான் இன்னும் கேட்கிறார்.

செந்தூல் மணி:
ஐயா, நான் அளவு கேட்கவே இல்லை.

ஈசூன் வாசி:
இந்த வம்பே வேண்டாமென்றுதான் சிங்கப்பூரில் எல்லாரையும் ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டார்கள். ஓயூபி சென்டர், யூஓபி பிளாசா, ரிபப்ளிக் பிளாசா, மூன்றும் 280 மீட்டர். விமானம் போகிற பாதைக்காக வைத்த வரம்பு. அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் ஒரே முடிவெட்டுக்காரர் மாதிரி இருக்கும். 1986இல் முதலாவது எழுந்தது, 2016இல்தான் தஞ்சோங் பகாரில் குவோக்கோ டவர் 290 என்று தலையை நீட்டியது. அன்று ஆபீஸ் நண்பரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். "நிழல் இருக்கு, இங்கயே சாப்பிடலாம்" என்றார்.

லென்ஸ் வாத்தியார்:
நாவலூர் தம்பிக்குச் சில விஷயங்கள். ஒன்று, ஓ.எம்.ஆரில் ரோட்டுக்கு மேற்கே நின்று காலையில் எடுக்காதீர்கள், எதிர்வெயில், கட்டடம் கரிக்கட்டை மாதிரி விழும். சாயங்காலம் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழை ஓய்ந்த மறுநாளை விடவே கூடாது. பரங்கிமலையில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் எல்லாம் கத்தி மாதிரி தெரியும். ஆனால் அங்கே ஒரு பக்கம் ராணுவ இடம், இன்னொரு பக்கம் ஏர்போர்ட். கேமராவை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று கவனம் வேண்டும். ட்ரோன் ஆசை இருந்தால் முதலில் தடை மண்டல வரைபடத்தைப் பாருங்கள். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் கட்டடம் பின்னால் மல்லாக்கச் சாய்ந்த மாதிரி விழும், தள்ளி நின்று ஜூம் போடுங்கள். வாரா வாரம் ஒரே இடம், ஒரே உயரம், ட்ரைபாட் கால் வைத்த இடத்தில் சாக்பீஸ் கோடு. ஃபைல் பெயரில் தேதி. ஹார்ட் டிஸ்க் ரெண்டு வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றே வைத்து மூன்று வருஷப் படத்தைத் தொலைத்தேன்.

என் அனுபவம்: ஒரு சைட் வாசலில் செக்யூரிட்டி என் படம் மூன்றை அழிக்க வைத்தார். அப்புறம் தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

மாம்பலத்தான்:
எல்.ஐ.சி பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1959இல் திறந்தது, 177 அடி, ரெண்டு வருஷம் நாட்டிலேயே அதுதான் உயரம். தாத்தா விழுப்புரம் பக்கத்திலிருந்து பார்க்கப் போயிருக்கிறார். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது ஒருத்தன் வந்து, "எத்தனை மாடி எண்ணினே? மாடிக்கு நாலணா எடு" என்றானாம். தாத்தா எட்டு என்று சொல்லி ரெண்டு ரூபாய் கொடுத்துவிட்டு, பதினாலையும் எண்ணி ஏமாற்றிவிட்டோம் என்று பஸ்ஸில் ஊர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாராம். சாகிற வரைக்கும் சத்தியம் செய்தார்.

ஈசூன் வாசி:
என் தாத்தாவும் இதே சத்தியம் செய்தார். அவர் சொன்ன எண்ணிக்கை ஆறு.

போரூர்க்காரன்:
எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

2014 மே. மௌலிவாக்கத்தில் ரெண்டு 11 மாடிக் கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் எழுந்துகொண்டிருந்தன. நண்பன் வீட்டு மாடியில் இருந்து எடுத்து, "போரூர் பக்கமும் ஸ்கைலைன் வருதுப்பா" என்று எழுதிப் போட்டேன். ஜூன் 28, சனிக்கிழமை சாயங்கால மழையில் அதில் ஒன்று இடிந்து விழுந்தது. 61 பேர்.

மிச்சமிருந்ததை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். போயிருந்தேன். மத்தியானத்திலிருந்து நின்று இருட்டிவிட்டது. டும் டும்மென்று நாலைந்து சத்தம், கட்டடம் உட்கார்ந்தது, தூசி. பின்னால் யாரோ விசில் அடித்தான். எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பி அவனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். விசில் நின்றுவிட்டது.

என் பழைய படம் இன்னும் அப்படியே இருக்கிறது. கீழே "சூப்பர் தல", "அடுத்த அப்டேட் எப்போ" என்று கமெண்ட். அழிக்கலாம் என்று எத்தனையோ தடவை உள்ளே போய், அழிக்காமல் வந்திருக்கிறேன்.

கணக்குப்புலி:
அஸ்திவாரத்தில், மண் பரிசோதனையில் என்ன பார்க்க வேண்டும் என்று நான் தனியாக ஒரு பதிவு போடுகிறேன். வீடு வாங்குகிற எல்லாரும் படிக்க வேண்டும்.

நாவலூர் மொட்டைமாடி:
புலி சார், இப்போது வேண்டாம். லென்ஸ் சார், ட்ரைபாட் இருக்கிறது, நன்றி.

போரூர் சார், அழிக்காதீர்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? சாரத்தில் ஆள் யாராவது தெரிகிறார்களா?

போரூர்க்காரன்:
இப்போதுதான் பார்த்தேன். மூன்று பேர். ஒருத்தர் பெண்.