ஆய்வேட்டில் மூலத்தைச் சொந்த நடையில் எழுத எந்த அளவு மாற்ற வேண்டும்?

இறுதியாண்டு மாணவி, கோலாலம்பூர்

வணக்கம். தோட்டத் தொழிலாளர் குடியேற்றம் பற்றித் தமிழில் ஆய்வேடு எழுதுகிறேன். மூலங்கள் தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றிலும் உள்ளன. முந்தைய ஆய்வுகள் பகுதியைப் பார்த்த விரிவுரைஞர், "இது சொல் மாற்றம், பொழிப்பு அல்ல" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். பொழிப்பு என்றால் மூலக் கருத்தைச் சொந்த நடையில் எழுதுவதுதானே. மற்ற நூல்களோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் டர்னிட்டின் மென்பொருளில் 9 விழுக்காடுதான் வந்தது. ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொடுத்திருக்கிறேன். பிறகு எங்கே பிழை? ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தால் அதுவே பொழிப்பு ஆகிவிடாதா?

பால்மரம்

அந்த 9 விழுக்காடு எதையும் உறுதிசெய்யாது. மென்பொருள் முதன்மையாகப் பார்ப்பது ஒரே சொற்கள் வரிசையாக வருகின்றனவா என்பதை. விரிவுரைஞர் பார்ப்பது வாக்கியத்தின் எலும்புக்கூட்டை. மாதிரிக்கு நானே ஒரு மூல வரி எழுதுகிறேன் (கங்காணி என்பவர் ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்தில் அவர்களை மேற்பார்த்தவர்):

"1910இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கான ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்ட பின், தோட்ட நிர்வாகங்கள் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள்களைக் கொண்டுவரக் கங்காணிகளையே பெரிதும் நம்பின."

பலர் செய்வது இது:

"1910ஆம் ஆண்டு ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆளெடுப்பது கைவிடப்பட்டதும், எஸ்டேட் நிர்வாகங்கள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து தொழிலாளர்களை அழைத்துவரக் கங்காணிகளையே அதிகம் சார்ந்திருந்தன."

பத்துச் சொல்லளவு மாறியும் காலம், நிர்வாகம், கிராமம், நோக்கம், கங்காணி, வினை என்ற வரிசை அப்படியே இருக்கிறது. மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் வரும். அதனால் முதலில் பக்க எண்ணோடு துண்டுக் குறிப்பு எடுங்கள். முழு வாக்கியம் வேண்டாம்: "1910, ஒப்பந்த ஆள்சேர்ப்பு நின்றது. பிறகு கங்காணி." ஆசிரியருக்கே உரிய சொற்றொடர் வந்தால் குறிப்பிலேயே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள், இரண்டு வாரம் கழித்து அது யார் சொல் என்று தெரியாது. பிறகு மூலத்தை மூடிவிட்டு, உங்கள் பத்திக்கு இதிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் பத்தி கங்காணிமுறையைப் பற்றியது என்றால் வாக்கியம் அங்கிருந்து தொடங்கும்:

"கங்காணிமுறை வலுப்பெற்றதற்கு ஒப்பந்தமுறை முடிந்ததே காரணம், 1910க்குப் பிறகு தோட்டங்களுக்கு ஆள் கிடைக்க வேறு வழி இருக்கவில்லை."

ஜெலுத்தோங்

வழிமுறை சரி. ஆனால் கடைசி மாதிரி வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூலத்தில் "பின்" என்றுதான் இருக்கிறது. அதைக் "காரணம்" ஆக்கியாயிற்று. "பெரிதும் நம்பின" என்பது "வேறு வழி இருக்கவில்லை" ஆகிவிட்டது. நடை சொந்தமானதுதான், கருத்தோ ஆசிரியர் சொல்லாதது. அவர் பெயரைப் பக்கத்தில் போட்டால் அவர் வாயில் நம் சொல்லைத் திணிப்பதாகும். எழுதி முடித்ததும் மூலத்தைத் திறந்து ஒப்பிடுவதைத் தவிர்க்கவே கூடாது. எண், ஆண்டு, காரண உறவு, "பெரும்பாலும்", "சில" போன்ற அளவுச் சொற்கள், "இருக்கலாம்" போன்ற ஐயச் சொற்கள் எல்லாவற்றையும் பாருங்கள். மலாய் மூலத்தில் "டிகாத்தாகான்" என்றிருந்தால் தமிழில் "என்று சொல்லப்படுகிறது" வர வேண்டும். "ஆகும்" என்று முடிக்கக் கூடாது.

இப்படி எழுதலாம்: "தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் வேலை பெருமளவு கங்காணிகள் கைக்கு வந்தது, ஒப்பந்த ஆள்சேர்ப்பு 1910இல் நின்ற பிறகுதான்."

பால்மரம்

உண்மை, "காரணம்" என்று நான் எழுதியது பிழை. ஜெலுத்தோங் தந்த வரியையே வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பட்டை

மொழிபெயர்ப்பு பற்றிய கேள்விக்கு: வரிக்கு வரி தமிழாக்கினால் சிந்தனையும் அடுக்கும் இன்னும் அவருடையவைதான். ஆதாரம் காட்டாவிட்டால் அது கருத்துத் திருட்டு, மென்பொருளில் சிக்கினாலும் சிக்காவிட்டாலும். ஆதாரம் காட்டியிருந்தாலும், ஒரு பத்தி முழுக்க அப்படியே ஓடினால் உங்கள் பங்கு அங்கே எதுவுமில்லை.

ஆதாரம் காட்டும் முறைகளில் ஒன்றான ஏபிஏ (APA) 7ஆம் பதிப்பைப் பின்பற்றுவதாக இருந்தால், பொழிப்புக்கு ஆசிரியரும் ஆண்டும் போதும். பக்க எண் கட்டாயமில்லை, ஆனால் தடித்த நூலாக இருந்தால் கொடுங்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் பக்க எண் கட்டாயம்; 40 சொல்லோ அதற்கு மேலோ போனால் மேற்கோள் குறியில்லாமல் தனிப் பத்தியாக உள்தள்ள வேண்டும். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிவிடும், ஆகவே இந்த 40ஐத் தமிழில் எப்படி எண்ணுவது என்று துறையில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று: ஐந்து வாக்கியம் எழுதிக் கடைசியில் மட்டும் ஆதாரம் போடாதீர்கள். எது அவருடையது, எது உங்களுடையது என்று வாசகருக்குத் தெரியாது. முதல் வாக்கியத்திலேயே பெயரைச் சொல்லி, "அவர் மேலும் காட்டுவது" என்று தொடருங்கள். நடுவில் உங்கள் கருத்து வந்துவிட்டால், திரும்ப அவரிடம் போகும்போது ஆதாரத்தையும் திரும்பக் கொடுங்கள்.

இறுதியாண்டு மாணவி, கோலாலம்பூர்

மிக்க நன்றி. "கங்காணி" என்பதை "மேற்பார்வையாளர்" என்று மாற்றியிருந்தேன். அதுவும் தேவையில்லையா?

ஜெலுத்தோங்

தேவையில்லை, மாற்றினால் பொருளே கெடும். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தவர், தோட்டத்தில் அவர்களை மேய்த்தவரும் அவரே. "மேற்பார்வையாளர்" என்றால் முதல் பாதி விழுந்துவிடும். கலைச்சொல், ஊர்ப்பெயர், சட்டத்தின் பெயர், ஆண்டு இவை பொதுச்சொத்து; மேற்கோள் குறியும் வேண்டாம், மாற்றமும் வேண்டாம்.