மூன்றாவது குழந்தை வருகிறது, ஊரிலிருந்து பெற்றோரும் வருகிறார்கள்: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பழைய மினிவேன் வாங்கப்போகிறவர்களுக்கு

"அண்ணா, காரில் இடம் போதவில்லை. எந்த வேன் வாங்கலாம்?" இந்தக் கோடையில் மட்டும் மூன்று குடும்பங்கள் என்னிடம் இதைக் கேட்டுவிட்டன. மூன்று வீட்டிலும் ஒரே நிலைமைதான். சின்னக் குழந்தைகள் இரண்டோ மூன்றோ. பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கான சூப்பர் விசாவில் அவர்கள் வரப்போகிறார்கள். கையில் பத்தாயிரம் டாலர் சுற்றுவட்டத்தில் பணம். இவர்களிடம் தொலைபேசியில் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வண்டியின் பெயரைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: இன்சூரன்ஸ், வண்டியின் அடிப்பாகம், உங்கள் வீட்டில் யார் எந்த இருக்கையில் உட்காரப்போகிறார்கள் என்பது.

முதலில் இன்சூரன்ஸ். பிராம்ப்டனிலும் ஸ்கார்பரோவிலும் பிரீமியம் எவ்வளவு என்பதை அங்கே குடியிருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்த நாட்டில் ஓட்டிய வரலாறு இல்லாத புதியவருக்கு அது இன்னும் ஏறும். ஓராண்டு பிரீமியமே வண்டி விலையில் பாதியை எட்டிய வீடுகளை எனக்குத் தெரியும். அதனால் ஒரு வண்டி மனத்துக்குப் பிடித்துவிட்டால், பணம் கொடுப்பதற்கு முன் அதன் 17 எழுத்து வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) வாங்கி, குறைந்தது மூன்று இடத்தில் இன்சூரன்ஸ் விலை கேளுங்கள். முகவரி, யார் ஓட்டுவார்கள், முழு உரிமமான ஜியா, அதற்கு முந்தைய படியான ஜி2வா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே விலைக்கு வந்த இரண்டு வேன்களுக்கு மாதம் 60 டாலர் வித்தியாசம் சொன்னார்கள் எனக்கு. நான்கு ஆண்டு ஓட்டினால் அது 2,880 டாலர்.

அடுத்தது துரு. ஊரில் வண்டி வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்போம், டயரைப் பார்ப்போம். குனிந்து அடியில் பார்க்கும் வழக்கம் நமக்குக் கிடையாது. இங்கே நவம்பர் முடிவிலிருந்து மார்ச் வரை சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத்தண்ணீர் வண்டியின் அடியில் ஏறி, பத்து ஆண்டில் இரும்பைத் தின்றுவிடும். நான் வாங்கிய முதல் வேனை விற்பனையாளர் பளபளவென்று கழுவி, அடியில் கறுப்பு மையும் அடித்து வைத்திருந்தார். நல்ல பராமரிப்பு என்று நம்பிவிட்டேன். முதல் முறை ஆயில் மாற்றப் போனபோது மெக்கானிக் என்னை லிஃப்டுக்கு அடியில் அழைத்து, பக்கக் கதவுக்குக் கீழே உள்ள பட்டையை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக் காட்டினார். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் சொத் என்று கேட்டது. இரண்டாவது தட்டில் கறுப்பு மையோடு சேர்ந்து துரு செதில் செதிலாக என் தோளில் உதிர்ந்தது. உள்ளே விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்தக் குளிர்காலத்திலேயே பிரேக் எண்ணெய் போகும் குழாயும் அரித்துப்போய் மாற்ற வேண்டியதாயிற்று. என் பிள்ளைகள் அந்த வண்டியில்தான் தினமும் பள்ளிக்குப் போனார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பக்கக் கதவைத் திறந்து அதன் கீழ் விளிம்பு, பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, முன்னும் பின்னும் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், பிரேக் குழாய்கள். புதிதாக அடித்த கறுப்பு மை தெரிந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். மேலாகப் படிந்த செம்பழுப்பு நிறம் எல்லா வண்டியிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். செதிலாக உரிவதும் ஓட்டை விழுவதும்தான் ஆபத்து. வாங்கும் முன், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். நூறு, நூற்றைம்பது டாலர் ஆகலாம். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் மேற்கொண்டு பேச வேண்டாம், வந்துவிடுங்கள். இன்னொன்று: நீங்கள் போகும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்து கிடக்கும் இன்ஜின்தான் முதல் நொடியில் தன் நோயைச் சொல்லும்.

இனி இருக்கைகள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஏழு இருக்கை என்று எழுதியிருந்தால் ஏழு பேர் போகலாம் என்று கணக்குப் போடுகிறோம். எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி. வேன் பார்க்கப் போனபோது அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். நடு வரிசையில் குழந்தைகளின் இருக்கைகள் இரண்டையும் மாட்டினேன். பிறகு அம்மாவைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னேன். குழந்தை இருக்கை மாட்டிய நடு இருக்கையை மடக்க முடியவில்லை. இடுப்பளவு சந்தில் புடவையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, மறு காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். "நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேனடா, நீங்கள் போய் வாருங்கள்" என்றார். அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கையும் அவற்றுக்கு நடுவே நடைபாதையும் உள்ள வேன்தான் இப்படிப்பட்ட குடும்பத்துக்குச் சரி. குழந்தை இருக்கை ஒன்றைப் பின்வரிசையில் மாட்டிவிட்டு, பெரியவர்களை நடுவில் உட்கார வைக்கலாம். எட்டுப் பேர் உட்காரும் அமைப்பு மூன்று குழந்தைகளையும் அருகருகே வைக்க விரும்புகிறவர்களுக்கு உதவும். ஆனால் பின்வரிசைக்கு வழி அடைபடும். பார்க்கப் போகும்போது உங்கள் குழந்தை இருக்கைகளையும் தள்ளுவண்டியையும் கொண்டுபோங்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது பின்னால் தள்ளுவண்டியும் 20 கிலோ அரிசி மூட்டையும் சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். மினிவேனில் பின்பக்கம் பள்ளமாக இருப்பதால் பெரும்பாலும் நிற்கும். மூன்று வரிசை எஸ்யூவி பலவற்றில் நிற்காது. சறுக்கிப் போகும் கதவு இருப்பதால் நெருக்கமான வாகன நிறுத்தத்தில் பிள்ளைகள் பக்கத்து வண்டியில் கதவை இடித்துவிடுவார்களோ என்ற பயமும் இல்லை.

குழந்தை இருக்கையை ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள். மேப்பிள் இலை வடிவிலான கனடாவின் பாதுகாப்பு முத்திரை உள்ள இருக்கையைத்தான் இங்கே பயன்படுத்தலாம். அதற்குக் காலாவதி தேதியும் உண்டு. ஒன்டாரியோவில் எட்டு வயது ஆகும்வரை, அல்லது 36 கிலோவை எட்டும்வரை, அல்லது 145 சென்டிமீட்டர் உயரம் வளரும்வரை பிள்ளைக்கு உயர இருக்கையாவது (பூஸ்டர்) வேண்டும். எனவே இப்போது வாங்கும் வண்டியில் பல ஆண்டுகளுக்கு இந்த இருக்கைகள் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இப்போது பெயர்கள். டொயோட்டா சியன்னா விலை இறங்காது; பத்து ஆண்டு ஓடியதற்கும் நல்ல விலை கேட்பார்கள். 2011 முதல் 2020 வரை வந்தவற்றின் இன்ஜினில் டைமிங் பெல்டுக்குப் பதில் செயின் இருக்கிறது, அதனால் பெல்ட் மாற்றும் செலவில்லை. நான்கு சக்கர இயக்கம் உள்ளவற்றில் மாற்று டயர் இல்லை, காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் தனிவகை டயர்கள்தான்; அவற்றின் விலையை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 2021 முதல் எல்லாமே ஹைபிரிட், நம் தொகைக்கு எட்டாது. ஹோண்டா ஒடிஸி ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் அதில் டைமிங் பெல்ட். ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். "மாற்றியாயிற்று" என்ற வாய்ச்சொல் போதாது, ரசீதைக் கேளுங்கள். டாட்ஜ் கிராண்ட் கேரவன் இந்த மாகாணத்தின் விண்ட்சர் நகரிலேயே 2020 வரை தயாரானது. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் பழகிய வண்டி, பலவற்றில் நடு இருக்கைகள் தரைக்குள் மடங்கிவிடும், விலையும் குறைவு. அதன் மெத்தை சற்று மெலிது, நீண்ட பயணத்தில் பெரியவர்களுக்கு முதுகு வலிக்கும். கியா செடோனாவும் பார்க்கத் தகுந்ததே. பத்தாயிரத்துக்குள் என்றால் நான் துருவில்லாத, குறைவாக ஓடிய கிராண்ட் கேரவனைத்தான் எடுப்பேன். துருப்பிடித்த சியன்னாவைப் பெயருக்காக எடுக்கமாட்டேன்.

தனியாரிடம் வாங்கினால், விற்பவர் மாகாண அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ் ஒன்டாரியோவில் 20 டாலருக்குக் கிடைக்கும் வாகனத் தகவல் தொகுப்பைத் தர வேண்டும். முந்தைய உரிமையாளர்கள், வண்டி மேல் கடன் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். அதிலுள்ள பெயரும் எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் வண்டி வியாபாரம் செய்கிறவர்கள் "என் மைத்துனர் வண்டி" என்றுதான் சொல்வார்கள். விற்பனை வரி 13 சதவீதம். நீங்கள் கொடுத்த விலை, அரசு ஏற்கும் மொத்த வியாபார விலைப்பட்டியல் மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதன் மேல் கணக்கிடுவார்கள். 9,500 டாலர் வண்டிக்கு 1,235 டாலர் வரி என்றால், அதையும் கையில் வைத்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால் பாதுகாப்பு சற்று அதிகம். ஆனால் கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால் திருப்பித்தரும் உரிமை இந்த மாகாணத்தில் கிடையாது. இரவில் வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டு, மறுநாள் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.

வண்டியைச் சோதித்துத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள் செல்லும். அன்றைக்கு வண்டி குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது, அதை உத்தரவாதமாக எண்ணிவிடாதீர்கள். வாங்கிய ஆறு நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். நம்பர் தகடு வண்டியோடு வராது, அது ஆளுக்குரியது.

பனிக்கால டயர்கள் வண்டியோடு சேர்த்துக் கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். இரும்பு வளையத்தோடு நான்கு கிடைத்தால் பல நூறு டாலர் மிச்சம். அவற்றை மாட்டினால் இன்சூரன்ஸிலும் தள்ளுபடி உண்டு. அக்டோபரில் ஒருமுறை அடியில் துரு தடுக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். அடித்த ஓரிரு நாள் வாசலில் சொட்டும், கீழே பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டால் போதும்.