வார இறுதி நர்சிங் படிப்பு: முழுநேர வேலையோடு சமாளிக்க முடியுமா?

கேள்வி:

வேறு பாடத்தில் டிகிரி முடித்துவிட்டு, ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் முழுநேர வேலை பார்க்கிறேன். நர்ஸ் ஆக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவர்களுக்கான விரைவு நர்சிங் படிப்பில், வார இறுதி வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வகுப்பு, கிளினிக்கல் (வார்டில் நேரடிப் பயிற்சி). தியரியில் பாதி ஆன்லைன். வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. அட்டவணை போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் மனசுக்கு நம்பிக்கை வரவில்லை. சம்பளம் இல்லாமல் முடியாது, அதனால் வேலையை விடுகிற பேச்சே இல்லை. இதைப் படித்து முடித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில் (வார்டு நர்ஸ்):

நானும் இதே மாதிரிதான் படித்தேன் தங்கை, நர்சிங் உதவியாளர் வேலையை விடாமல். இப்போது பொது மருத்துவ வார்டில் இருக்கிறேன். உங்கள் அட்டவணையில் எனக்கு ஒரு சந்தேகம்: சனி, ஞாயிறுக்குத்தான் இடம் ஒதுக்கியிருப்பீர்கள். அந்த இரண்டு நாள் நீங்கள் வார்டில் நிற்கிற நாள். படிப்பு நடப்பதெல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை. சாதாரண நர்சிங் படிப்பில் தள்ளித் தள்ளி வருகிற நோய்க்குறியியலும் மருந்தியலும் இங்கே கைகோத்து வரும். அதோடு ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன பராமரிப்பு என்று எழுதுகிற கேர் பிளான் வேறு.

அதனால் படிப்பு தொடங்குவதற்கு முன்பே உங்கள் மேலாளரிடம் பேசிவிடுங்கள். வாரத்துக்கு நான்கு நாள் வேலை, இல்லையென்றால் வெள்ளிக்கிழமை அரை நாள். சம்பளத்தில் கொஞ்சம் குறையும், அது தெரியும். ஆனால் எங்கள் வகுப்பில் பாதியில் நின்றவர்களில் பலர் முழுநேர வேலையைக் குறைத்துக்கொள்ள மறுத்தவர்கள்தான். நல்ல புத்திசாலிகள், எனக்கு இன்னும் வருத்தம்.

வெள்ளி ராத்திரி தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல மந்தமாகிவிடும் என்று 1997-லேயே ஆய்வு வந்திருக்கிறது. அந்த நிலையில் மருந்து டிராலி பக்கம் போகலாமா? வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதும் அதே ஆபத்துதான். பரீட்சைக்கு ஒரு பாடம் பாக்கி இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டுப் படுங்கள்.

வார நாட்களில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கும் என்று காத்திருந்தால் கிடைக்கவே கிடைக்காது. நான் துண்டு துண்டாகத்தான் படித்தேன். டோஸ் கணக்கு அதற்குத் தோதானது. 250 மில்லி பையில் 25,000 யூனிட் ஹெப்பாரின், அதாவது இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து. டாக்டர் எழுதியது மணிக்கு 1,200 யூனிட். ஒரு மில்லியில் 100 யூனிட், ஆகவே பம்பில் மணிக்கு 12 மில்லி. இப்படி ஒன்றை மதிய இடைவேளையில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தினமும் போட்டால் பரீட்சையில் கை நடுங்காது. நோய்க்குறியியல் அப்படியில்லை, அதற்கு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். சேர்த்து வைத்த லீவை அந்தப் பாடத்துக்குச் செலவழியுங்கள்.

பதில் (மாணவியின் கணவர்):

என் மனைவி இப்போது கடைசி செமஸ்டரில் இருக்கிறாள். வீட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். "நானும் உதவுகிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. எந்த வேலை யாருடையது என்று பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் இருந்த அவள் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைக் கொடுத்தோம். சின்ன விஷயம்தான், ஆனால் பெற்றோர் கூட்டம், பிராஜெக்ட், காய்ச்சல் என்று எது வந்தாலும் முதலில் என் போன்தான் அடிக்கும். அவள் வார்டில் நிம்மதியாக நிற்கிறாள். யூனிஃபார்ம் துவைத்து வெள்ளி மாலைக்குள் மடித்து வைப்பதும் என் பொறுப்பு.

அப்புறம், கிளினிக்கல் முடிந்து வருகிறவளிடம் உடனே வீட்டு விஷயம் பேசுவதில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி ஒருவர் இறந்த நாளில் நெடுநேரம் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். உங்கள் கணவருக்கும் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வெள்ளி அரை நாள் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, திங்கட்கிழமையே பேசுகிறேன். பள்ளி நம்பரையும் மாற்றிவிடுகிறோம். இன்னொரு பயம் இருக்கிறது. கணவருக்கு டியூட்டி இருக்கிற சனிக்கிழமையில் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் கிளினிக்கலுக்கு எப்படிப் போவது? ஒரு நாள் விட்டால் என்ன ஆகும்?

பதில் (கிளினிக்கல் ஆசிரியை):

தியரி வகுப்பை விட்டால் நோட்ஸ் வாங்கிப் படித்துக்கொள்ளலாம், கிளினிக்கல் அப்படி இல்லைம்மா. நர்ஸாகப் பதிவு செய்வதற்கு அந்த மணிநேரங்களும் கணக்கு. விட்டதை ஈடுகட்டியே ஆக வேண்டும். வார இறுதி வகுப்பில் அதற்கு மாற்று நாள் கிடைப்பது கஷ்டம், சில இடங்களில் வார நாளில் வரச் சொல்வார்கள். ஈடுகட்டும் நாள் எப்போது, எத்தனை முறை அனுமதி, சிமுலேஷன் லேபில் (பொம்மை நோயாளியை வைத்துப் பழகும் இடம்) செய்தால் ஒத்துக்கொள்வார்களா என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்கு, சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டாலும் வரக்கூடிய ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. முடிந்தால் இரண்டு பேர்.