புதுப்பிப்பு: அம்மாவின் பித்தப்பைக் கல் விவகாரம்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், அதில் ஒன்று பித்தநாளத்துக்குள் இறங்கிவிட்டது, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுப்பது ஆபத்தா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டு கட்டமும் முடிந்து மன்னார்குடி திரும்பிவிட்டோம்.

அம்மா இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதலிலேயே சொல்லுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். நல்லவேளை! அதுவரை மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை. இதய மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திய பிறகே தேதி தந்தார்கள்.

தஞ்சாவூரில் ஈஆர்சிபி (அதுதான் வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல் எடுப்பது) செய்ய வேண்டிய காலை, அம்மா விடியற்காலையில் அரை டம்ளர் டிகிரி காபி குடித்துவிட்டார். "காபிதானே, சோறா தின்னேன்?" என்றார். பால் கலந்தால் அது திட உணவுக் கணக்கு. ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். உண்மையைச் சொன்னதால் மதியத்துக்குத் தள்ளினார்கள். கோபப்பட்டது நான்தான், மருத்துவர் இல்லை.

ஈஆர்சிபிக்குப் பிறகு கணைய அழற்சி (கணையம் வீங்கிப் புண்ணாவது) வரலாம் என்று எச்சரித்து, அன்று இரவு முழுக்க வயிற்றுவலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரவில்லை.

இரண்டாவது கட்டம், வயிற்றில் சிறு துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுக்கும் லேப்ராஸ்கோப்பி. அதற்குப் பிறகு வயிற்றைவிட வலது தோள்தான் வலித்தது. உள்ளே நிரப்பும் கரியமில வாயு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) உறுத்துவதாம். இரண்டு நாளில் போய்விட்டது. இப்போது நடவு ஆட்களுக்குக் கூலி பேசிக்கொண்டிருக்கிறார், காபி கையில்.