மல்டிடூலுக்கு ஒரு தமிழ்ச் சொல்: மடிக்கருவியா, மடிகருவியா?

முதல் மடல், யங்கோன் தாம்வேயிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம்.

கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் மின்வேலை வகுப்புக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன் என்று போன மாதம் சொல்லியிருந்தேன். இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் தாண்டிவிட்டேன். ஃபியூஸுக்கு ‘உருகி’ என்று பாடநூல் சொல் இருக்கிறது, கவலையில்லை. மாட்டிக்கொண்டது முதல் பக்கத்திலேயேதான். பையன்கள் கையோடு வைத்திருக்க வேண்டிய பொருள்கள் என்று டார்ச், டெஸ்டர் எழுதிவிட்டு அடுத்ததாக மல்டிடூல் என்று எழுத வந்தபோது கை நின்றுவிட்டது.

மடக்கினால் விரல் நீளம், விரித்தால் கத்தி, குறடு, திருப்புளி, அரம். இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். இப்போதைக்குப் ‘பல்கருவி’ என்று போட்டிருக்கிறேன். கூடவே இன்னொன்று: பதினாறு வயதுப் பையனிடம் எந்த மாதிரியை வாங்கச் சொல்வது? பெரியவர்கள் சொல்லுங்கள்.

மறுமடல், மோல்மீனிலிருந்து

தம்பி, பல்கருவி இலக்கணப்படி சரிதான். ‘பல’ என்பது குறைந்து ‘பல்’ ஆகி வந்தால் லகரம் அப்படியே நிற்கும். பல்கலைக்கழகம் என்கிறோமே, அதுபோல. வாயில் இருக்கிற பல் என்றால் பற்கருவி ஆகியிருக்கும், பற்பசை மாதிரி. ஆனால் இந்த நுட்பம் யார் காதுக்குத் தெரியும்? பேத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். “பல் டாக்டர் வைத்திருப்பாரே, அதுவா தாத்தா?” என்றாள். அத்தோடு அது போயிற்று.

பல்நோக்குக் கருவி, பன்முகப் பயன்பாட்டுக் கருவி என்றெல்லாம் யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் போன கரண்ட் திரும்பி வந்துவிடும்.

நம் மக்கள் கருவிக்குப் பெயர் வைப்பது அது செய்யும் வேலையை வைத்து. பாக்கு வெட்டுவது பாக்குவெட்டி, தேங்காய் துருவுவது தேங்காய்த்துருவி. இது எல்லாவற்றையும் செய்கிறது என்பதால்தான் பெயர் சிக்கமாட்டேன் என்கிறது.

மறுமடல், சென்னையிலிருந்து

அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலேறி இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. ஆனாலும் இந்தக் குழு மடல்களை ஒன்று விடாமல் படிக்கிறேன்.

ஐயா பாக்குவெட்டி என்றதும் எனக்கு முள்வாங்கி ஞாபகம் வந்தது. தாத்தாவின் அரைஞாண் கயிற்றில் ஒரு வளையம் தொங்கும். அதில் முள் எடுக்கும் ஊசி, முள்ளைப் பிடித்து இழுக்கச் சாமணம், காது குடைய ஒரு குட்டிக் கரண்டி, மூன்றும் கோத்திருக்கும். காட்டு வேலைக்குப் போகிறவர் இடுப்பில் அது இல்லாமல் இருந்ததில்லை. மல்டிடூல் என்று புதிதாக யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெயரையே மீட்டு எடுத்தால் என்ன?

பி.கு.: எதை வாங்கினாலும் கத்தி உள்ளதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

மறுமடல், யங்கோனிலிருந்து, தையல்கார அக்கா

முள்வாங்கி அழகான சொல், அண்ணே. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது முள்ளைத்தான் வாங்கும். கேட்காத பிள்ளைகளுக்கு விலைக்கு வாங்குகிற முள் என்று தோன்றும். என் பையன் மீன் முள்ளா என்று கேட்டான்.

எனக்கு ஒரு சந்தேகம். இங்கிலீஷ்காரன் இதைப் பாக்கெட்டில் வைக்கிற கருவி என்கிறான். நம் ஊர் ஆம்பிளைகள் கட்டுவது லோன்ஜி. அதில் ஏது பாக்கெட்? போனையும் பர்ஸையும் முதுகுப் பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டுதானே பஸ் ஏறுகிறார்கள்? எங்கள் அம்மா காசு, வெற்றிலை, சாவி எல்லாவற்றையும் மடியில்தான் முடிந்து வைப்பார். அப்படியென்றால் ‘மடிக்கருவி’ என்று சொன்னால் ஆகாதா? மடக்கி வைக்கிறது என்ற அர்த்தமும் வருகிறது. தப்பாக இருந்தால் ஐயா கோபிக்கக் கூடாது.

அப்புறம், எது வாங்கலாம் என்ற கேள்விக்கு என் பதில்: கத்தரி இருப்பதை வாங்கச் சொல். நான் வைத்திருப்பது 58 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தி, கிளாசிக் எஸ்டி. சின்னக் கத்தி, கத்தரி, நகம் ராவும் அரம், அதன் நுனியில் ஒரு திருப்புளி, பக்கத்தில் செருகியிருக்கும் சாமணம், பல்குத்தி. ஒரு நாளைக்கு இருபது தடவை கத்தரியை எடுக்கிறேன். கத்தியை வாரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் பெரிசு.

மறுமடல், தாம்வேயிலிருந்து

அக்கா, இந்தச் சொல்லை இரண்டு நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். மடல் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொந்தக் கதை. போன வருடம் தெருவோரக் கடை ஒன்றில் பதினொரு வேலை செய்யும் என்று ஒன்றை மலிவாக வாங்கினேன். முதல் மழைக்காலத்திலேயே கீலெல்லாம் துருவேறிப்போனது. ஒரு திருகாணியைத் திருப்பும்போது குறட்டின் ஒரு தாடை ஒடிந்து கண்ணுக்குப் பக்கத்தில் பறந்தது. பதினொன்றில் உருப்படியாக வேலை செய்தது பாட்டில் திறப்பான் மட்டும்தான். அதனால் கையேட்டில் எத்தனை வேலை செய்யும் என்ற கணக்கையே எடுத்துவிட்டேன். அன்றாடம் செய்கிற மூன்று வேலையை எண்ணிப் பார், அந்த மூன்றும் ஒழுங்காகச் செய்வதை வாங்கு என்று எழுதியிருக்கிறேன்.

அக்கா சொன்ன லோன்ஜி விஷயத்தைச் சோதித்தே பார்த்துவிட்டேன். நண்பர்களிடம் மூன்று இரவல் வாங்கி, ஒன்றுக்கு ஒரு நாள் என்று இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தேன். லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம். அருமையான குறடு, அருமையான கத்தி, ஆனால் இரண்டாவது மாடி ஏறுவதற்குள் லோன்ஜியை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன். மூன்றாவது தடவை வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டார். அதே லெதர்மேனின் ஸ்கெலிடூல் 142 கிராம், அது தேவலை, ஆனாலும் குனிந்தால் நழுவுகிறது. விக்டோரினாக்ஸ் கேடட், 84 மில்லிமீட்டர், ஏறக்குறைய 46 கிராம், இருப்பதே தெரியவில்லை. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்பதை இவ்வளவு நேரடியாக நான் அனுபவித்ததில்லை.

கேடட்டில் கத்தரியும் கிடையாது, குறடும் கிடையாது. அக்காவுக்கு ஆகாது. ஆனால் டப்பா திறப்பான் நுனி, நட்சத்திரத் தலைத் திருகாணியையும் ஓரளவு திருப்பிவிடும். பாட்டில் திறப்பானின் ஓரத்தில் ஒயர் சீவ ஒரு வெட்டு இருக்கிறது. சுவிட்ச் பெட்டியைத் திறந்து மூட, ஒயர் முனையைச் சீவ இது போதும். குறடு வேண்டுமென்றால் தனியாகவே ஒரு நல்ல குறடு பையில் கிடக்கட்டும். இங்கே பட்டறையில் அதைப் பர்மியப் பேச்சில் பலாயா என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அதோடு, இந்தச் சின்னக் கருவிகள் எதற்கும் மின்காப்புப் பிடி கிடையாது. கரண்ட் இருக்கும் கம்பியில் இதை வைத்தால் நேரே கையில் ஏறும். மெயினை அணைத்த பிறகுதான் இதைத் தொட வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். தச்சர் மகன்கள் இரண்டு பேர் வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். கேடட்டின் கத்தி பூட்டிக்கொள்ளாது, பின்னால் ஒரு வில்தான் அதை நிறுத்தி வைக்கிறது. நுனியால் குத்தி அழுத்தினால் விரல்மேல் மடங்கிவிடும்.

இனிப் பெயருக்கு வருகிறேன். இந்தச் சாமான்களின் வரலாற்றைப் பார்த்தால் பெயர் வைப்பது எல்லா ஊரிலும் தடுமாற்றம்தான். கார்ல் எல்செனர் 1897இல் காப்புரிமை வாங்கிய கத்தியை அவர் ஊரில் அதிகாரிகளின் கத்தி என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஜெர்மன் பெயர் அமெரிக்கச் சிப்பாய்களின் வாயில் நுழையவில்லை, சுவிஸ் ராணுவக் கத்தி என்று சொல்லிவிட்டார்கள், அதுவே நின்றது. அவர் நிறுவனத்தின் பெயரான விக்டோரினாக்ஸ் என்பதே ஒட்டுச்சொல்: அவர் அம்மாவின் பெயர் விக்டோரியா, அதோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ். டிம் லெதர்மேன் 1975இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கையில் கத்தி இருந்தும் குறடு இல்லாமல் திண்டாடினார். ஊர் திரும்பி அவர் செய்து பார்த்த மாதிரிக்கு வைத்த பெயர் மிஸ்டர் கிரஞ்ச். 1983இல் விற்பனைக்கு வந்தபோது பெயரில் பாக்கெட் சேர்ந்துகொண்டது. ஆக, செய்கிற வேலையால் பெயர் வைக்க முடியாதபோது அவர்களும், யார் வைத்திருக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் போயிருக்கிறார்கள். அக்கா செய்ததும் அதேதான். அவர்களுக்குப் பாக்கெட், நமக்கு மடி.

எதிர்ப்பு ஒன்று வரும் என்று தெரியும். மடிக்கணினி ஏற்கெனவே இருக்கிறதே, இதைக் கணினிக்கு உதிரிச் சாமான் என்று நினைக்கமாட்டார்களா? அந்த மடி உட்கார்ந்தவன் தொடை, இந்த மடி இடுப்புத் துணி. இரண்டும் தமிழில் ஒரே மடிதான், குழந்தையும் அங்கேதான், காசும் அங்கேதான். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், ஒரு பையனும் கணினி என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் கை இடுப்புக்குப் போயிற்று.

மறுமடல், மோல்மீனிலிருந்து

அக்காவிடம் கோபம் ஏது? எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் வருத்தம்.

ஆனால் ஒரு எழுத்தில் முடிவு எடுக்க வேண்டும். மடியில் வைக்கும் கருவி என்றால் க் மிகும்: மடிக்கருவி. மடிகிற கருவி என்றால் அது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: மடிகருவி. மடிந்தது, மடிகிறது, மடியும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். அக்கா இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லில் வருகிறது என்றார். காதில் வருகிறது, எழுத்தில் வராது. ஒன்றைத்தான் எழுத முடியும்.

மடிகருவி கொஞ்சம் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மடிவது என்றால் சாவதும்தான். மின்வேலைக் கையேட்டின் முதல் பக்கத்தில் அது வேண்டாம். அதோடு குடையும் மடிகிறது, நாற்காலியும் மடிகிறது. இடுப்பில் இருப்பதுதான் இதன் அடையாளம்.

சென்னைத் தம்பி வருத்தப்பட வேண்டாம். முள்வாங்கியை விடக் கூடாது. உள்ளே இருக்கிற அந்தக் குட்டிச் சாமணத்துக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். அது செய்யும் வேலையே அதுதானே.

மறுமடல், தாம்வேயிலிருந்து

சரி ஐயா. மடிக்கருவி, உள்ளே முள்வாங்கி. படத்தில் அம்புக்குறி போட்டுத் திருத்திவிட்டேன். ஒயர் சீவும் வெட்டுக்குச் ‘சீவுவாய்’ என்று எழுதியிருக்கிறேன், அது அடுத்த சண்டை. வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். அக்கா, உங்கள் கத்தரிக்காக 58 மில்லிமீட்டரையும் கேடட்டுக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன்.

மறுமடல், மோல்மீனிலிருந்து

அச்சுக்கோப்பவர் க்-ஐ விட்டுவிடுவார். மெய்ப்பு பார்க்க எனக்கு அனுப்பவும்.